முத்திரை குத்திய எழுபது கிலோ

சிவசுப்பிரமணியன் தொண்ணூற்றிரண்டு கிலோவிலிருந்து எழுபது கிலோவுக்கு இறங்கிய செய்தி பெரம்பலூரில் ஆளுக்கு ஒரு விதமாகப் பரவியிருந்தது. சர்க்கரை முற்றிவிட்டது என்றார்கள் சிலர். பெண்டாட்டி சோறு போடுவதில்லை என்று பேசியவர்களும் உண்டு. அவர் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நிறுத்திவைத்து உண்மையைச் சொன்னார். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கலோரி, பதினோரு மாதம், அவ்வளவுதான். கலோரி என்றால் என்னவென்று கேட்காதவர்களுக்கும் விளக்கம் கிடைத்தது. டீக்கடையில் யாராவது வடையைக் கடித்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய் நின்று, அதில் எத்தனை கலோரி என்று சொல்லிவிட்டுத்தான் நகருவார். தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் அவர் தலையைக் கண்டதும் பாதி வடையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதில் அந்தச் சட்டையே வீணாய்ப் போனது.

அவருக்கு வேலை, எடைகளுக்கும் அளவுகளுக்கும் முத்திரை போடுவது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊர்களும் சுற்றியுள்ள சந்தைகளும் அவருடைய எல்லை. தராசானாலும் படிக்கல்லானாலும் மண்ணெண்ணெய் அளக்கிற லிட்டரானாலும் வருஷத்துக்கு ஒரு முறை அவர் பார்த்து, சரியாக இருந்தால் முத்திரை குத்த வேண்டும். எல்லாரும் அவரை முத்திரை இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். அளவு என்ற சொல்லுக்கே தான்தான் சொந்தக்காரர் என்று அவருக்கு உள்ளூர ஓர் எண்ணம். அதனால்தான் இருபத்திரண்டு கிலோ இறங்கியது தன் உடம்பின் சாதனையாக அவருக்குப் படவில்லை, தன் உத்தியோகத்தின் சாதனையாகப் பட்டது.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆடி மாதம், திருச்சி டாக்டர் அவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, எழுபது, போதும், இனிமேல் இறங்க வேண்டாம் என்றார். அப்படியானால் இனி எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சிவசுப்பிரமணியன் கேட்டார். அதை நான் சொல்ல முடியாது, உங்கள் உடம்புதான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் வழியைச் சொல்லிக்கொடுத்தார். வாரத்துக்கு ஒரு நூறு கலோரி கூட்டுங்கள். வாராவாரம் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே தராசில் ஏறி நின்று பாருங்கள். இறங்கினால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், ஏறினால் குறையுங்கள். எந்த அளவில் எடை அசையாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் அளவு.

"எறங்கறது பெரிசில்ல சார். எறங்கின எடத்துல நிக்கறதுதான் வேல" என்றார் டாக்டர்.

எடை பார்ப்பதைத் தனக்கே சொல்லிக்கொடுக்கிறாரே என்று சிவசுப்பிரமணியனுக்குச் சிரிப்பு வந்தது. பஸ் பாடாலூர் தாண்டுவதற்குள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு முடித்துவிட்டார். தேதி, கலோரி, எடை.

அன்றிலிருந்து வீட்டில் அம்சவள்ளிக்குச் சோதனைக்காலம். ஆயிரத்து இருநூறு கலோரிக் காலம்கூட அவளுக்குச் சுலபமாக இருந்தது, எதைக் கேட்டாலும் இல்லை என்றால் போதும். இப்போது இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்பதுதான் கேள்வி. அவர் ஆபீஸ் என்பது வீட்டின் முன்னறைதான். அங்கிருந்து ஒரு சின்னப் பித்தளைத் தராசும் கிராம் கற்களும் சமையலறைக்கு வந்தன. கலோரி அட்டவணைப்படி ஓர் இட்லி ஐம்பது கிராம், எழுபது கலோரி. அம்சவள்ளியின் இட்லி ஒன்று ஐம்பத்தெட்டு வந்தது, ஒன்று நாற்பத்தாறு வந்தது. பெரியதில் கிள்ளிச் சின்னதில் ஒட்டவைத்தார். தோசையின் ஓரத்தைக் கத்திரிக்கோலால் வெட்டினார். வெண்டைக்காய்ப் பொரியலை நிறுத்தபோது அதில் எண்ணெய் எவ்வளவு, காய் எவ்வளவு என்று அவள் சொல்ல வேண்டும் என்றார்.

"வாணலியக் கேளுங்க" என்றாள் அம்சவள்ளி.

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பித்தளைத் தராசைக் கழுவித் துடைத்து அவர் தட்டுக்கு எதிரில் வைப்பாள், அவர் நிறுத்துக்கொண்டிருக்கும்போது தான் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போய்விடுவாள். செந்துறையில் அவளுடைய தங்கை மகள் கல்யாணத்துக்குப் போனபோது தராசும் கூடவே பையில் வந்தது. பந்தியில் உட்கார்ந்து அவர் லட்டை நிறுத்த விஷயம் முகூர்த்தத்தைவிட அதிகமாகப் பேசப்பட்டது. நிறுத்துப் பார்த்துவிட்டு மூன்று லட்டு தின்றார் என்பதையும் சேர்த்துத்தான் பேசினார்கள்.

மூன்று லட்டு தின்னும்படி ஆனதற்குக் காரணம் உண்டு.

உணவை நிறுக்கத் தராசு வீட்டிலேயே இருந்தது. ஆளை நிறுக்க வாராவாரம் திருச்சிக்குப் போக முடியாது. பெரம்பலூரில் மூட்டை நிறுக்கிற பெரிய மேடைத் தராசு அமிர்தலிங்கத்தின் கடலை மண்டியில் இருந்தது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறி நின்றார். மண்டிக்காரர் அமிர்தலிங்கமே கம்பியில் எடைக்குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டு, அறுபத்து நாலரை என்றார்.

செவ்வாய்க்கிழமை திருச்சியில் எழுபது. சனிக்கிழமை பெரம்பலூரில் அறுபத்து நாலரை. நாலு நாளில் ஐந்தரைக் கிலோ காணோம். வேறு யாராக இருந்தாலும் தராசைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். சிவசுப்பிரமணியனால் அது முடியவில்லை. அந்தத் தராசின் குண்டில் அவர் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. ஆக, தராசு சரி, உடம்புதான் சரியில்லை. பிரேக் பிடிக்காத லாரி மாதிரி எடை தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போகிறது என்று பயந்துபோனார். நூறு நூறாகக் கூட்டுவதற்கெல்லாம் நேரமில்லை. ஒரே தாவலாக இரண்டாயிரத்துக்குப் போனார்.

அமிர்தலிங்கமும் மிகவும் வருத்தப்பட்டார். சார் மாதிரி நல்லவர்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, அன்றைக்கே கடலை மிட்டாய் ஒரு டப்பா கொடுத்தனுப்பினார்.

இந்த இடத்தில் முத்திரை குத்துகிற விதத்தைச் சொல்லிவிட வேண்டும். விதிப்படி, இருபது கிலோ சோதனைக் கற்களைத் தராசின் மேல் ஒவ்வொன்றாக அடுக்கி, காட்டுகிற எடை சரிதானா என்று பார்த்த பிறகுதான் குண்டில் இருக்கிற ஈயப் பொட்டில் முத்திரை குத்த வேண்டும். கற்களோ கனமானவை, வெயிலும் சாதாரண வெயில் இல்லை. ஆகவே அமிர்தலிங்கம் மண்டியின் உள்ளறையில் மின்விசிறிக்குக் கீழே இன்ஸ்பெக்டருக்கு ஒரு நாற்காலி, நெய் தோசை, காபி. தராசு வெளியிலேயே இருக்கும், குண்டு மட்டும் ஒரு தாம்பாளத்தில் உள்ளே வரும். சுத்தியால் ஒரு தட்டு, அவ்வளவுதான். ஐந்து வருஷமாக இப்படித்தான். ஊரில் நிறுத்த மூட்டை இங்கே குறைகிறதே என்று கடலை போடுகிற சம்சாரிகள் யாராவது அவரிடம் வந்து முறையிட்டால், கடலை காய்ந்தால் எடை குறையும் என்று விஞ்ஞானம் சொல்லி அனுப்பிவிடுவார்.

அடுத்த சனிக்கிழமையும் அறுபத்து நாலரைதான். அதற்கடுத்த வாரமும் அதே. இறக்கம் நின்றுவிட்டது என்று அவருக்கு ஆறுதல். ஆனால் எழுபது வர வேண்டுமே. இரண்டாயிரத்து முந்நூறு ஆக்கினார், அப்புறம் இரண்டாயிரத்து அறுநூறு, கடைசியில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். காலையில் ஆறு இட்லி, பதினோரு மணிக்கு வாழைப்பழமும் கடலை மிட்டாயும், மதியம் இரண்டு கரண்டி நெய், சாயங்காலம் பஜ்ஜி. எல்லாம் நிறுத்துத்தான். கிராம் பிசகாது. டீக்கடையில் முன்பு வடைக்குக் கலோரி சொன்னவர் இப்போது தானே நாலு வடையை நிறுத்துத் தின்றதைப் பார்த்துத் தபால் ஆபீஸ் குமாஸ்தா தைரியமாக இன்னொரு வடைக்குச் சொன்னார்.

ஐப்பசி கடைசியில் மண்டித் தராசு எழுபது காட்டியது. அடுத்த வாரமும் எழுபது. அசையாமல் நின்றது. தனக்கான அளவு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கலோரி என்று கொட்டை எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார். இளைத்தபோது தைத்த நான்கு சட்டைகளும் அந்த மாதத்தில் இறுகிப்போயின. சலவைக்காரர் வெந்நீரில் போட்டுச் சுருக்கிவிட்டார் என்று சண்டை பிடித்தார். பெல்ட்டும் சுருங்கியிருந்தது. பெல்ட்டை யாரும் சலவைக்குப் போடுவதில்லை என்று அம்சவள்ளி ஞாபகப்படுத்தினாள். மழைக்காலத்தில் தோல் சுருங்கும் என்று அதற்கும் அவரிடம் விஞ்ஞானம் இருந்தது.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை அரியலூரில் கடைகளைப் பார்த்து முடித்தபின், மேலதிகாரி ஒருவரை ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனார். ரயில் போன பிறகு, பிளாட்பாரத்தில் விளக்கு மினுக்கிக்கொண்டு நின்ற எடை மெஷின் கண்ணில் பட்டது. சும்மா ஏறிக் காசைப் போட்டார். அட்டை விழுந்தது. எழுபத்தாறு. பின்பக்கம், உங்கள் பாரம் குறையும் காலம் நெருங்குகிறது என்று ஜோசியம் போட்டிருந்தது. இன்னொரு காசு போட்டார். மறுபடியும் எழுபத்தாறு. ஜோசியம் மட்டும் வேறு.

திரும்பி வரும் பஸ்ஸில் கணக்குப் பார்த்தார். செருப்பு அரைக் கிலோ. மதியச் சாப்பாடு ஒரு கிலோ. குடை, சாவிக்கொத்து, பேனா எல்லாம் சேர்த்து இன்னொரு அரைக் கிலோ. எப்படி இழுத்துப் பார்த்தாலும் நாலு கிலோ பாக்கி நின்றது. அந்த நாலு கிலோ எங்கே இருக்கிறது என்பது அவர் மனதின் ஒரு மூலைக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்த மூலைப்பக்கம் போகாமலே ஊர் வந்து சேர்ந்தார்.

சனிக்கிழமை மண்டியில் கூட்டம். கடலை அறுவடைக் காலம், மூட்டைகள் வாசல்வரை அடுக்கிக் கிடந்தன. சிவசுப்பிரமணியன் வழக்கம்போல முதலில் ஏறி நின்றார். எழுபது என்றார் அமிர்தலிங்கம். இன்ஸ்பெக்டர் இறங்கவில்லை. நன்றாகப் பாருங்கள் என்றார். நன்றாகப் பார்த்தும் எழுபதுதான். அப்போதாவது பேசாமல் போயிருக்கலாம். இரண்டு நாளாக உள்ளே அடக்கிவைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"அரியலூர் ஸ்டேஷன்ல எழுவத்தாறு காட்டுதே அமிர்தலிங்கம். ரெண்டு நாளு முன்னாடிதான் பாத்தேன்."

முன்வரிசையில் நின்றவள் செங்கமலம். ரஞ்சன்குடிப் பக்கத்துக்காரி. அவளும் அவள் புருஷனும் பத்து வருஷம் ஊரார் காட்டில் களை எடுத்தவர்கள், இப்போது ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கி அதில் கடலை போட்டிருந்தார்கள். ஒன்பது மூட்டை கொண்டுவந்திருந்தாள். ஒவ்வொன்றையும் ஊரிலேயே இரண்டு முறை நிறுத்தவள். போன வருஷம் இதே இன்ஸ்பெக்டரிடம் முறையிட்டு, காய்ந்தால் எடை குறையும் என்ற விஞ்ஞானத்தை வாங்கிக்கொண்டு போனவளும் அவள்தான்.

"அப்ப அந்த ஆறு கிலோ எங்க சார் போச்சு?" என்றாள்.

சிவசுப்பிரமணியன் அவளைத் திரும்பிப் பார்த்தார். அது ரயில்வே மெஷின், நம் எல்லைக்குள் வராது என்றார்.

"அது வராதுங்க சார். நீங்க வருவீங்கல்ல? நீங்களும் ரெண்டு நாளுல காஞ்சா போயிட்டீங்க?"

பின்னால் நின்றவர்கள் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. அய்யாக்கண்ணு என்ற வயதான சம்சாரி ஒருவர் மூட்டை மேலிருந்து இறங்கிவந்து தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். அமிர்தலிங்கம் எல்லாருக்கும் டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

சோதனைக் கல்லைக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள் என்றாள் செங்கமலம். அதற்கெல்லாம் முறை இருக்கிறது, முன்கூட்டி நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கற்கள் இப்போது ஆபீஸில் இருக்கின்றன என்று இன்ஸ்பெக்டர் அடுக்கிக்கொண்டே போனார். ஆபீஸ் எங்கே இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். நாலு பேர் கிளம்பிப் போனார்கள். தடுத்தால் தப்பாகிவிடும், தடுக்காவிட்டாலும் தப்பாகிவிடும் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் அவர்கள் தெருமுனை திரும்பிவிட்டார்கள்.

வீட்டில் நடந்ததை அவர் பிற்பாடு தெரிந்துகொண்டார். எதற்குக் கல் என்று அம்சவள்ளி கேட்டிருக்கிறாள், சொல்லியிருக்கிறார்கள். முன்னறையில் ஒட்டடையைத் துடைத்துவிட்டு மூன்று கற்களை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நாலாவது, கொல்லைக் கதவு அடித்துக்கொள்ளாமலிருக்க முட்டுக் கொடுத்திருந்த கல். அதைத் தானே நகர்த்தி, இதையும் கொண்டுபோங்கள், அஞ்சு வருஷத்தில் இதுக்கு ஒரு வேலை வந்ததே என்றாளாம்.

நாலு கற்களும் தலைமேல் வந்தன. அவற்றில் ஒன்றைச் சுமந்து வந்தவள் செங்கமலம். ஒவ்வொரு கல்லும் இருபது கிலோ, ஒவ்வொன்றிலும் அரசாங்க முத்திரை. மேடைமேல் அடுக்கினார்கள், எண்பது. அமிர்தலிங்கம் குண்டைத் தொட வந்தபோது அய்யாக்கண்ணு அவர் கையைப் பிடித்து மெதுவாக விலக்கினார்.

"சார் பாக்கட்டும். அது அவரு வேல" என்றார்.

ஐந்து வருஷத்தில் முதன்முறையாகச் சிவசுப்பிரமணியன் அந்தக் குண்டைக் கம்பியில் நகர்த்தினார். எழுபத்து மூன்றே முக்காலில் கம்பி சமமாக நின்றது. இன்னும் தள்ளிப் பார்த்தார். கம்பி தலையைத் தொங்கப்போட்டது. குண்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். முத்திரை குத்துவதற்கென்று பொட்டளவு இருக்க வேண்டிய ஈயம் உள்ளே குடைந்து கட்டைவிரல் பருமனுக்கு ஊற்றப்பட்டிருந்தது. ஈயம் ஏற ஏறக் குண்டு கனக்கும், குண்டு கனக்கக் கனக்க மூட்டை எடை குறைந்துகொண்டே வரும். அந்தத் திருட்டு ஈயத்தின் நட்டநடுவில், ஐந்து வருஷத்து முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, அவர் கையாலேயே குத்தியவை.

அவருக்கு முதலில் மனதில் வந்தது அந்த ஐந்து வருஷத்து மூட்டைகள் அல்ல. தான் நாலு மாதமாகக் கூட்டிக் கூட்டித் தின்று வந்து சேர்ந்திருக்கும் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கலோரி. அப்படி நினைத்ததற்காகக் கொஞ்சம் வெட்கமும் வந்தது, சீக்கிரம் போய்விட்டது.

அன்று செங்கமலத்தின் ஒன்பது மூட்டையும், அவளுக்குப் பின்னால் நின்றவர்களின் மூட்டைகளும், பக்கத்து நெல் மண்டியின் தராசை அந்த நாலு கற்களால் சோதித்துவிட்டு அதிலே நிறுக்கப்பட்டன. அமிர்தலிங்கத்தின் தராசு பறிமுதலானது. திடீர்ச் சோதனையில் தவறு கண்டுபிடிக்கப்பட்டது என்று இன்ஸ்பெக்டர் அறிக்கை எழுதினார். யார் கண்டுபிடித்தார்கள் என்று எழுத அந்தத் தாளில் கட்டம் இல்லை. முந்தைய முத்திரைகளைப் பற்றி, இயற்கையான தேய்மானம் என்று ஒரு வரி. ஈயம் தேய்ந்தால் குறையுமே தவிரக் கூடுமா என்று மேலே யாரும் கேட்கவில்லை. அமிர்தலிங்கம் பதினைந்து நாளில் புதுத் தராசு வாங்கினார். இந்தத் தடவை கற்கள் நாலும் தராசின் மேல் ஏறி இறங்கின. நெய் தோசையும் வந்தது, ஆனால் சாப்பிட நேரமில்லை, வாசலில் முப்பது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மார்கழியில் திருச்சிக்குப் போனார். எழுபத்தாறரை என்றார் டாக்டர். சிவசுப்பிரமணியன் மண்டித் தராசு குறைத்துக் காட்டியதைச் சொல்லி நோட்டை நீட்டினார். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். இட்லி, லட்டு, பஜ்ஜி எல்லாம் கிராம் கிராமாக இருந்தது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் விரலை வைத்தார்.

"இங்க பாருங்க. ரெண்டாயிரத்துல ரெண்டு வாரம் ஆடாம நின்னுருக்கு. உங்க அளவு அன்னிக்கே வந்துட்டுது. நீங்கதான் நிக்காம போயிட்டீங்க."

தராசு பொய் சொன்னாலும் ஒரே மாதிரிப் பொய் சொல்லிக்கொண்டிருந்ததால், நின்றதா நகர்ந்ததா என்பதையாவது சரியாகச் சொல்லியிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். திங்கிறதையெல்லாம் சரியாக நிறுத்திருக்கிறீர்கள், உங்களை மட்டும்தான் தப்பாக நிறுத்துக்கொண்டீர்கள் என்றும் சொன்னார். அந்தத் தராசுக்கு முத்திரை போட்டது யார் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று சிவசுப்பிரமணியனுக்குப் பட்டது.

மறுபடியும் இறங்க ஆறு மாதம் பிடித்தது. இந்த முறை தராசு சமையலறையிலிருந்து ஆபீசுக்குத் திரும்பிவிட்டது. அம்சவள்ளி போடுகிறதைச் சாப்பிட்டார். இரண்டாயிரம் எவ்வளவு என்பது அவள் கைக்கு எப்படியோ பழகிவிட்டிருந்தது. எழுபதுக்கு வந்து எழுபதிலேயே நின்றார். நிற்காமலும் முடியாது. ஏனென்றால் சனிக்கிழமைதோறும் மண்டிகளில் சம்சாரிகள் அவரை விடுவதாயில்லை. சோதனைக் கல்லை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறோம், சாரை வாராவாரம் பார்க்கிறோம் என்று செங்கமலம் ஆரம்பித்துவைத்தது. முதலில் அவர் ஏற வேண்டும், எழுபது காட்ட வேண்டும், அதன் பிறகுதான் மூட்டை இறங்கும். ஒரு வாரம் பொங்கல் சாப்பாட்டில் எழுபத்தொன்று காட்டியபோது, கடலை நிறுப்பதை விட்டுவிட்டு அவரை விசாரித்தார்கள். எங்கே சாப்பிட்டார், என்ன சாப்பிட்டார், எத்தனை வடை என்று அய்யாக்கண்ணு கூட்டத்தின் நடுவே கேட்க, இன்ஸ்பெக்டர் பதில் சொல்லிக்கொண்டு நின்றார்.

எண்பத்து நாலில் அவருக்கு வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய லாரி தெருவில் நின்றபோது செங்கமலம் வந்தாள். வழியனுப்பத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து அவர் கொஞ்சம் நெகிழ்ந்து, நன்றாக இரு என்று சொல்ல வாயெடுத்தார்.

"புதுசா வர்ற சாரு எத்தன கிலோங்க?" என்று கேட்டாள் அவள்.